வாசலில் பூச்செடிகள்: அன்றாடம் மனம் நிறைய எவற்றை வைக்கலாம்?

பொங்கலூர் மருமகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், பொங்கலூரை அடுத்த ஒரு சிற்றூரில் இந்தத் தை மாதம் புதுமனை புகுந்தோம். வாசலின் இருபுறமும் சேர்த்து முக்கால் சென்ட் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் முழுவதும் பேவர் பிளாக் பதித்துவிட்டால் சேறு படாது, களை முளைக்காது, கூட்டிப் பெருக்குவதும் எளிது என்று மேஸ்திரி சொல்கிறார். என் கணவரும் அதற்கு ஏறக்குறைய இசைந்துவிட்டார். எனக்கு அங்கே பூச்செடிகள் வைக்க வேண்டும் என்பதுதான் விருப்பம். என் அம்மிச்சி வீட்டுப் பொடக்காளியில், குளித்த தண்ணீர் பாய்ந்தே வளர்ந்த ஜாதிமல்லிக் கொடி ஒன்று இருந்தது. விடுமுறைக்குச் செல்லும் பேத்திகள் அனைவரும் தலைக்கு வைத்துக்கொண்ட பிறகும் சாமிக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்க அதில் பூ மிஞ்சும். அப்படி ஒரு செடியாவது என் பிள்ளைகள் வளரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் இடத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மேலே செம்மண்தான், ஆனால் இரண்டடி தோண்டினால் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக்கல், வருகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாளியில் வெண்படலம் படிகிறது. குடிநீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் வருவதால் அதைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. வாசல் மேற்குப் பார்த்தது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று நேராக வந்து மோதுகிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருவர் இருக்கிறார்கள். மாமியார் காலையில் விளக்கேற்றும்போது சாமிப் படங்களுக்குப் பூ வைக்காமல் இருக்கமாட்டார். இப்போது அதற்காகவே பேருந்து நிறுத்தத்துக் கடையில் அன்றாடம் பூ வாங்குகிறோம்.

செடிகளின் பெயர்ப் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. நான் அறிய விரும்புவது வேறு. வீட்டில் பூந்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது நாள்தோறும் என்ன தருகிறது? காலையில் எழுந்ததும் எதைப் பார்க்கப் போகிறீர்கள், மாலையில் எந்தச் செடியின் அருகே போய் நிற்கிறீர்கள்? அதைத் தெரிந்துகொண்டால் எதை வைப்பது என்பது தெளிவாகிவிடும் என்று தோன்றுகிறது. கணவரிடம் எடுத்துச் சொல்லவும் உதவும். எவ்வளவு விரிவாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.


கோபி வாய்க்கால்மேடு (மறுமொழி)

சகோதரிக்கு வணக்கம். கல் பதிக்கும் முன்பாகவே கேட்டது நல்லதாயிற்று. பதித்த கல்லைப் பிறகு பெயர்த்தெடுக்க யாருக்கும் மனம் வராது.

எங்கள் வீடு தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டியது. கொடிவேரி அணையிலிருந்து வரும் பவானித் தண்ணீர் பாயும் பகுதி. ஆகவே உங்களுக்குள்ள உப்புத் தண்ணீர்த் தொல்லை எங்களுக்கு இல்லை. அதற்கான வழியை வேறு யாரேனும் அனுபவத்திலிருந்து சொல்வதே பொருத்தம். எங்களுக்குப் பக்கத்தில் சத்தியமங்கலம் வட்டாரத்தில் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் ஏக்கர் கணக்கில் விளைகின்றன. இவ்வளவு பூ விளைகிற ஊரில் வாசலில் வேறு எதற்கு மல்லிகை என்று வீட்டுக்கு வரும் ஒறம்பரை கேட்பதுண்டு. சந்தைக்கு வரும் பூ விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு, மூட்டையில் அடைபட்டு, வண்டி மாறி நம் கைக்கு வந்து சேரும்போது அதன் வாழ்நாளில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்திருக்கும். வீட்டுச் செடியில் அந்தப் பகுதியும் நமக்கே கிடைக்கிறது. நான் மல்லிகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலையில் குண்டுமல்லிச் செடியருகே போனால், இன்று மாலை விரியப்போகும் மொட்டையும் நாளைக்கு உரிய மொட்டையும் பிரித்தறிவதில்தான் முதல் இன்பம் இருக்கிறது. நாளைய மொட்டு உருண்டு பருத்திருந்தாலும் அதில் இளம்பச்சைச் சாயல் தங்கியிருக்கும்; அடிக்குழல் குட்டையாக, பச்சை இதழ்ப் பற்களுக்குள் பாதி மறைந்திருக்கும். இன்றைக்கு உரியது முழு வெண்மையாக இருக்கும். அடிக்குழல் நீண்டு அந்தப் பற்களுக்கு மேலே எழும்பி நிற்கும். விரல் பட்ட மாத்திரத்தில் கழன்று உள்ளங்கையில் விழும். பழகிய கைக்குப் பார்க்கவே வேண்டியதில்லை. என் மனைவி பேசிக்கொண்டே பறிப்பார். ஒரு பச்சை மொட்டுகூட கிண்ணத்தில் இருக்காது. வெயில் ஏறும் முன் பறித்ததை ஈரத்துணியில் சுற்றிப் பானைத் தண்ணீர் வைக்கும் மேடையின் குளிர்ச்சியான மூலையில் வைத்துவிடுவார். பிற்பகலில் சமையல் வேலை ஓய்ந்த பிறகு, நனைத்துக் கிழித்த வாழைநாரில், இப்புறம் இரண்டு மொட்டு, அப்புறம் இரண்டு மொட்டு என்று அடுக்கி முடிச்சுப் போடுகிறார். விளக்கு வைக்கும் நேரத்தில், தட்டில் சுருட்டி வைத்த சரம் முடிச்சுக்கு முடிச்சு அவிழ்ந்து விரியத் தொடங்கும். வீட்டுக்குள் யார் எந்த அறையில் இருந்தாலும் அந்த நேரம் தெரிந்துவிடும். கடையில் முழம் அளந்து வாங்கும் சரத்தில் இந்த வேளை நமக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் விரிந்தும் விரியாமலும்தான் அது வந்து சேர்கிறது.

பறிப்பதும் கட்டுவதும் அவருடைய பங்கு என்றால், கவாத்து என்னுடைய பங்கு. மல்லிகை புதிதாக வரும் தளிரில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்ட செடி இலையும் தண்டுமாக மண்டிப்போய், ஆங்காங்கே நாலு பூவைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டுவதற்குச் சில நாட்கள் முன்பே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது வழக்கம். வெட்டி, இலைகளையும் உருவிவிட்ட பிறகு செடி வெறும் குச்சிகளாக நிற்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கடிந்துகொள்வார்கள். பொறுத்திருங்கள். தை, மாசியில் குச்சிக்குக் குச்சி இணை இணையாகத் தளிர் கிளம்பும். ஒவ்வொரு தளிர் நுனியிலும் கடுகளவு மொட்டுகள் மும்மூன்றாகத் தெரியும். அவற்றைத் தேடிக் குனிந்து பார்க்கிற அந்த வாரங்கள், பூத்துக் குலுங்கும் சித்திரை மாதத்தைவிட எனக்கு இனியவை. இந்த மூன்றையும் ஒவ்வொரு செடி வைத்தால் ஒன்று ஓயும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ளும். ஆண்டில் பெரும்பகுதி உங்கள் மாமியாருக்குப் பூ இருக்கும். கூட ஒரு காக்கடா மல்லியும் வைத்தால், குண்டுமல்லி ஓய்ந்திருக்கும் குளிர் மாதங்களிலும் சரம் கட்ட ஏதேனும் கிடைக்கும். மணம் குறைவுதான், ஆனால் அந்தப் பருவத்தில் அதுவே பெரிது.

ஒரு எச்சரிக்கை. மொட்டு வெண்மையாக வேண்டிய இடத்தில் ஊதா நிறம் ஏறினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு நாலைந்து செடி வைத்திருப்பவர்கள் அதற்கு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கெட்ட மொட்டுகளைக் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள், கீழே உதிர்ந்தவற்றையும் கூட்டி எடுங்கள், வேப்பெண்ணெய் தெளியுங்கள். தலைக்கு வைக்கப்போகும் பூவின் மேல் கடும் மருந்து அடிப்பது எனக்கு உடன்பாடில்லை.


வடவள்ளி மொட்டைமாடி (மறுமொழி)

வணக்கம் தோழி. கோபி அண்ணா மல்லிகையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மணக்கிறது. நீங்கள் காலையையும் மாலையையும் தனித்தனியே கேட்டிருந்ததால், பூக்கும் நேரத்தை வைத்தே நான் சொல்கிறேன். என்னுடையது மாடியில் தொட்டிகளில் உள்ள தோட்டம். நேரம் பார்த்துத்தான் செடிகளைத் தேர்ந்தேன்.

விடியும்போது செம்பருத்தி. ஒற்றையடுக்குச் சிவப்புதான் வேண்டும். அடுக்குச் செம்பருத்தி அழகாக இருந்தாலும் தேன்சிட்டு அதை அவ்வளவாக நாடுவதில்லை. ஒற்றைப் பூவில் அது பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு, பூவின் வாய் வழியாகப் போகாமல், அடிப்பகுதியில் அலகால் துளையிட்டுத் தேனை உறிஞ்சுகிறது. நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், அசையாமல் இருந்தால் அது பொருட்படுத்துவதில்லை. செம்பருத்திப் பூ ஒரு நாள்தான் நிற்கும். ஆனால் நாளைய மொட்டு பக்கத்திலேயே முறுக்கிக்கொண்டு காத்திருக்கும் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியாது. சாமிப் படங்களுக்கு இதுவும் நந்தியாவட்டையும் இருந்தால் காலைப் பூசைக்குப் போதும்.

வெயில் ஏறியதும் பத்துமணிப்பூ. உங்கள் மேற்கு வெயிலுக்கும் வறண்ட மண்ணுக்கும் இது மிகவும் ஏற்றது. தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வேர்விடும். மேகமூட்டமான நாளில் இது திறக்காமல் இருந்துவிடும். மாலை நாலரை, ஐந்துக்கு அந்திமந்தாரை. ஒரே செடியில் மஞ்சளும் இளஞ்சிவப்பும், சில பூக்களில் இரண்டும் கோடு கோடாகக் கலந்தும் வரும். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளின் நேரமும் அதுதான். இரவுக்கு நிலச்சம்பங்கி, கிழங்கை ஊன்றினால் சில மாதங்களில் தண்டு வரும், அடிமொட்டிலிருந்து மேல்நோக்கி நாளுக்குச் சில பூக்களாகப் பல நாட்கள் விரியும். எனக்கு மிகவும் பிடித்தது பவளமல்லி. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்குப் படைக்க ஒப்பும் பூ அது ஒன்றுதான் என்பார்கள். முந்தைய மாலையே செடியடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டால், காலையில் ஆரஞ்சுக் காம்புகள் மேலே தெரியும்படி அப்படியே கவிழ்ந்து கிடக்கும். இதை என் மகள்தான் பொறுக்குவாள். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். மாடியில் இதைப் பெரிய பீப்பாயில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு மண் இருக்கிறது, இன்னும் நன்றாக வரும்.

இனி உப்புத் தண்ணீர். மாடியில் எங்களுக்கும் கோடையில் அதுதான் கதி. நான் செய்வது இவ்வளவே: மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைக்கிறேன், குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, அதை வீணாக்குவதில்லை. வடிகட்டி இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்; இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, மண் காய்ந்த பிறகு வேர் நனையும்படி நிறைய ஊற்றினால் படிந்த உப்பு கீழே இறங்கும். தொட்டி வைப்பதானால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார்த் துகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை நல்ல தண்ணீரில் பல முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அலசாத துகளில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருப்பதால் இளம் வேர் கருகிவிடும். தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்குக் கொசு அந்தச் சிறிதளவு தண்ணீரிலும் முட்டையிடும்.

செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும், வராமல் இருக்காது. எறும்பு சாரையாக ஏறுவதைக் கண்டால் இலையின் பின்புறத்தையும் தளிரின் நுனியையும் பாருங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை நேரத்தில் தெளித்தால் போதும்.


அன்னூர் ஓய்வாசிரியர் (மறுமொழி)

அம்மணிக்கு வணக்கம். இருவரும் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். காற்றைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விலகி இடம் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, அந்த வழியாக வெறும் காற்றாக நம் பக்கம் பாய்கிறது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுதான். ஆடிக்காற்றில் செடி ஒடிவதைவிட, இலை வழியாக ஈரம் போய் வாடுவதே பெரிய இழப்பு. உங்கள் வாசல் மேற்குப் பார்த்தது என்பதால், முதல் வரிசையில் உயரமாகவும் அடர்த்தியாகவும் வளரும் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவற்றை நெருக்கமாக வைத்து, அவற்றின் மறைவில் மற்றவற்றை வையுங்கள். சுவரைப் போல முற்றாக மறைக்க வேண்டாம். காற்றைச் சல்லடையாகச் சலித்து அனுப்பும் செடி வரிசையே நல்லது. அந்த மாதங்களில் செடியடியில் காய்ந்த தென்னை மட்டையோ உலர்ந்த இலையோ பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். பவளமல்லியை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வைப்பது மேல்.

இந்த வறட்சிக்கு அரளிதான் சிறந்தது, ஆடும் மேயாது என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை அதனினும் கொடியது. மூலனூர், தாராபுரம் பக்கத்தில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கு, நம் மாநில மலரான செங்காந்தள்தான். பூவைப் பார்த்தால் யாருக்கும் வீட்டில் வைக்கத் தோன்றும். அதன் கிழங்கும் விதையும் உயிருக்கே ஆபத்தானவை. கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருக்கும் வரை இவற்றைத் தள்ளிவையுங்கள். அந்திமந்தாரை விதையும் மிளகு அளவில் கறுப்பாக இருக்கும். அதுவும் உண்ணத்தக்கதன்று என்பதால், சின்னவன் சற்று வளர்ந்த பிறகு அதைத் தொடங்கலாம்.

கோபி நண்பர் எழுதியதில் ஒரு கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். எல்லா மொட்டையும் பறித்துச் சரமாக்கிவிட வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் பூசைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் செடியிலேயே விட்டுவிடுகிறோம். இரவு முழுவதும் அந்துப்பூச்சிகள் வந்து போகின்றன. வாசலோரத்தில் முளைத்த ஓர் எருக்கஞ்செடியை வெட்ட வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். பால் கண்ணில் படக்கூடாது என்பதால் குழந்தைகள் கைபடாத மூலையில் அது நிற்கிறது. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் ஒவ்வொரு முட்டையாக இட்டுச் செல்லும். வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக உள்ள புழு சில நாட்களில் இலையை அரிக்கத் தொடங்கும். பிறகு இலையின் அடியில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் பையை வைக்கும் முன் அங்கேதான் போகிறான். புழுவைக் கண்டால் அருவருக்கும் பிள்ளை, பூச்சியாக மாறுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு இலை கடிபட்டிருப்பதைக் கண்டு மகிழ்ச்சியடைகிறது.

இன்னொன்று. வேலியோரத்தில் ஓர் ஆவாரஞ்செடி வையுங்கள், தண்ணீரே வேண்டாம். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் வேண்டும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கும் நோம்பிக்கு எங்கள் காலத்தில் காட்டு வழியே போய்க் கூடை நிறையப் பறித்துவந்து கும்மியடித்தார்கள். இப்போது அந்தக் காடெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டன. உங்கள் பெண்பிள்ளைகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ அந்த நாளில் பறிப்பதற்கு வாசலிலேயே ஆவாரம்பூ இருக்கட்டும்.


பொங்கலூர் மருமகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு உணவுக்குப் பிறகு எல்லாவற்றையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். மகிழுந்து ஏறி இறங்கும் தடத்துக்கு மட்டும் கல் பதித்துவிட்டு, இருபுறமும் மண்ணாகவே விடலாம் என்று ஒப்புக்கொண்டார். எருக்கஞ்செடியைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

மேலும் சில ஐயங்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் கொடுத்த ஒரு குண்டுமல்லி தொட்டியில் இருக்கிறது. அதன் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன. தண்ணீர் போதாமல் இப்படி ஆகிறதா? அடுத்து, மாமியாருக்குச் செவ்வந்தி மீது ஆசை. எங்கள் வாயிலுக்கு நேர் மேலே தெருவிளக்கு இருக்கிறது. அதன் கீழே வைக்கலாமா? எந்த மாதத்தில் தொடங்கினால் நல்லது?


கோபி வாய்க்கால்மேடு (மறுமொழி)

அது தண்ணீர்க் குறைவு அன்று, இரும்புச்சத்துக் குறைவு. நீங்கள் சொன்ன சுக்காங்கல் மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. அன்னபேதி உப்பு, அதாவது பெர்ரஸ் சல்பேட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் மேல் தெளியுங்கள். மாதம் ஒரு முறையாக, புதுத் தளிர் பச்சையாக வரும் வரை தொடரலாம். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை படியும், பார்த்துத் தெளியுங்கள். நிலத்தில் வைக்கும்போது குழியை ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறையாமல் எடுத்து, சுக்காங்கல்லை முற்றிலும் அகற்றி, மக்கிய தொழுஉரமும் ஆட்டாம்புழுக்கையும் செம்மண்ணும் கலந்து நிரப்பிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி மொட்டுகளைச் செடியில் விடலாம் என்பதை மனைவியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஒரு பக்கத்துக் கிளையை விட்டுவிடலாம் என்கிறார்.


சென்னிமலை தறிவீடு (மறுமொழி)

வணக்கம் சகோதரி. செவ்வந்தியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அதுதான் அதிகம். தெருவிளக்கின் கீழே வைக்காதீர்கள். செவ்வந்தி, பகல் குறுகி இரவு நீளும் பருவத்தில் மொட்டு வைக்கும் செடி. இரவெல்லாம் வெளிச்சம் பட்டால் அதற்குப் பருவம் வந்தது தெரியாமல் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். சுவரின் நிழல் விழுந்து இரவில் இருட்டாக இருக்கும் மூலையாகப் பாருங்கள். விளக்கடியில் வைப்பதற்குச் செண்டுமல்லி போதும்; அது அவ்வளவு பார்க்காது.

மார்கழிக்காக டிசம்பர் பூ ஒரு வரிசை வையுங்கள். மணம் கிடையாது, ஆனால் வெயில் வராத அந்தக் காலைகளில் ஊதாவும் வெள்ளையுமாகச் செடி நிறைய இருக்கும். கோலத்தின் நடுவே வைக்கும் சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ கிடைக்காத நாளில் இதையே செருகுவோம். நிழல் சற்று விழும் இடத்தில் கனகாம்பரம் வைக்கலாம். இதில் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு: காய்ந்த கதிரில் உள்ள விதைக்காயின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், சற்று நேரத்தில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். எங்கள் வீட்டில் தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்கூட நூல் அறும் இடைவேளையில் எழுந்துவந்து அதைப் பார்ப்பார்கள். நாட்டுக் கனகாம்பரத்தில்தான் இப்படி. டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது, கிளையை ஒடித்து ஊன்றித்தான் பெருக்க வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை, காற்று ஓயும் வரை பொறுத்திருந்து ஆவணி கடைசியில் குழி எடுத்து ஆறவிடுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டால் உங்கள் உப்புத் தண்ணீரை நம்பாமலே செடி வேர்பிடித்துவிடும். நம் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் அப்போதுதான். கோயம்புத்தூர் பக்கம் போக நேர்ந்தால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மல்லிகை வகைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கோ.1, கோ.2 என்று முல்லையிலும் ஜாதிமல்லியிலும் அவர்களே வெளியிட்ட வகைகள் உண்டு. டிசம்பர் பூவுக்கும் டெல்லி கனகாம்பரத்துக்கும் கடைக்குப் போக வேண்டாம். முற்றாத, விரல் நீளமுள்ள கிளைத்துண்டுகளை நான் எடுத்து வைக்கிறேன். முருகன் கோயிலுக்கு வருகிறபோது தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறேன். வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் ஊன்றிவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது.